மீன் பாடும் நாட்டில்

மட்டக்களப்பு நாட்டுக்கு 'மீன் பாடும் தேன்நாடு' என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. நிலவு காயும் இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறு முனையைக் காதிலும் வைத்துக் கேட்டால், வாவியின் அடியிலிருந்து ஓர் ஓசை எழுவதைக் கேட்கலாம் என்பர். அது மீன்களின் பாட்டு என்பர். எங்கள் சாய்ந்தமருது அந்தப் பாலத்துக்குத் தெற்கே ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. 1961ஆம் ஆண்டு அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும்வரை நாமும் மட்டக்களப்பு மாவட்டத்தவராகவே இருந்தோம். ஆகவே அந்தப் பெயரின் பெருமையில் எமக்கும் ஒரு பங்கு உண்டு.

மீன் பாடுகிறதா என்பதை நாம் சோதித்துப் பார்த்ததில்லை. ஆனால் மீன் பிடிப்பவன் இப்போது பாடுவதில்லை என்பது எமக்குத் திட்டமாகத் தெரியும். எமது வீட்டுக்கும் கடலுக்கும் இடையே நான்கு வளவுகள்தாம். எமது சிறு வயதில் விடியற்காலையில் எம்மை எழுப்பியது கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டு. இப்போது எம்மை எழுப்புவது படகுகளின் இயந்திர ஒலி.

இதைப் பற்றி நாம் நெடுநாள் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தவன் ஒரு பழைய மாணவன்.

சென்ற பெரும்போக அறுவடை முடிந்த கையோடு ஒரு மாலை, கடற்கரைத் தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தோம். எம்மிடம் படித்துப் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டவன் அவன். இப்போது நெல் வெட்டும் இயந்திரத்தின் சாரதி. காதில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றி வைத்துவிட்டு மரியாதையாக எழுந்து நின்றான். உட்காரச் சொன்னோம். தேநீர் வந்தது. பேச்சுக்கு இடையில், தற்செயலாக, அவன் கேட்டான்:

"சேர், உங்களுக்கு என்ன பாட்டுப் புடிக்கும்?"

முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்று ஆயிரக்கணக்கான கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேட்டவர் நாம். எம்மிடம் இந்தக் கேள்வியை எவரும் கேட்டதில்லை. என்ன பதில் சொல்வதென்று தெரியாமல், "பழைய பாட்டுத்தான், மகன்" என்றோம்.

அவன் சிரித்தான். "பழசெண்டா எந்தப் பழசு, சேர்?"

நியாயமான கேள்வி. அன்று அவனுக்குச் சரியான பதில் சொல்ல முடியவில்லை. இக்கட்டுரை அந்தப் பதிலைத் தேடிய முயற்சியேயன்றி வேறொன்றுமில்லை. இசையையும் சினிமாவையும் பற்றி எமது சொந்த விருப்பு வெறுப்புகளைச் சொல்லப் போகிறோம். நாம் இசைவாணர் அல்லர். கலை விமர்சகரும் அல்லர். ஆனால் ரசனையைப் பற்றிப் பேசும் உரிமை பண்டிதருக்கு மட்டும் உரியதென்று எழுதி வைத்தவர் யார்?

முதலில் வானொலியிலிருந்து தொடங்குவோம். எமது தலைமுறைக்குப் 'பழைய பாட்டு' என்றால் அது இலங்கை வானொலி ஊட்டிய பாட்டு. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கியது. ஊரில் எல்லோர் வீட்டிலும் வானொலிப் பெட்டி இருக்கவில்லை. சந்தியிலிருந்த தேநீர்க் கடையில் ஒன்று இருந்தது. ஒரு பிளேன்டீக்கு மூன்று பாட்டு என்று நாங்கள் கணக்கு வைத்திருந்தோம். கடைக்காரக் காக்கா நல்ல மனிதர். கோப்பை காய்ந்த பிறகும் எங்களை எழுப்பமாட்டார்.

அந்தக் கடையில் நாங்கள் தமிழ்ப் பாட்டை மட்டும் கேட்கவில்லை. ஒரு சொல்லும் விளங்காமல் ஹிந்திப் பாட்டுக் கேட்டோம். முகம்மது ரபியின் குரலும் தலத் மஹ்மூதின் குரலும் எங்கள் ஊர்ச் சந்தியில் அயற்குரல்கள் அல்ல. இதற்குப் பின்னால் ஒரு சிறு வரலாறு இருக்கிறது. இந்தியாவில் தகவல் ஒலிபரப்பு அமைச்சராயிருந்த பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் செவியைக் கெடுக்கிறதென்று கருதி, 1952இல் அகில இந்திய வானொலியில் அதற்கு இடமில்லாமற் செய்தார். சாஸ்திரீய சங்கீதத்தை ஊட்டினால் மக்கள் திருந்துவர் என்பது அவர் எண்ணம். மக்கள் திருந்தவில்லை, வானொலிப் பெட்டியின் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினர். அதே 1952இல் இலங்கை வானொலியின் ஹிந்தி சேவை தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' என்ற நிகழ்ச்சியும், அமீன் சயானியின் குரலும் இந்தியா முழுவதையும் கட்டிப் போட்டன. ஐந்தாண்டுகள் கழித்து, 1957 ஒக்டோபரில், அகில இந்திய வானொலி இறங்கிவந்து 'விவித் பாரதி'யை ஆரம்பிக்க நேர்ந்தது. அமைச்சர் உத்தரவு போடலாம். செவிக்குத் தாழ்ப்பாள் போடுவது எளிதன்று.

இந்தியாவில் மட்டும்தான் இப்படி என்று நாம் பெருமைப்பட வேண்டாம். அதே 1952இல் எங்கள் வானொலி நிலையமும் லக்னோவிலிருந்து எஸ். என். ரத்தன்ஜங்கர் என்ற சங்கீத விற்பன்னரை அழைத்து வந்து, சிங்களப் பாடகர்களைப் பரீட்சித்துத் தரம் பிரிக்கச் செய்தது. சிங்கள மக்களின் நாவில் தவழும் எளிய பாட்டுகளை இயற்றிப் பாடிவந்த சுனில் சாந்த, எமது பாட்டை வட இந்திய சங்கீதத்தின் அளவுகோலால் அளக்க முடியாதென்று அந்தப் பரீட்சைக்குச் செல்ல மறுத்தார். வானொலியின் கதவு அவருக்கு அடைபட்டது. அவர் 1981இல் மறைந்தார். இன்றும் சிங்களக் கிராமங்களில் பாடப்படுவது அவர் பாட்டு. மக்களுக்கு எது நல்ல பாட்டு என்று மேலிருந்து தீர்ப்புச் சொல்ல முனைந்தவர்கள் எல்லா மொழியிலும் இருந்திருக்கிறார்கள்.

இதைச் சொல்லும்போது எமது இடதுசாரி நண்பர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள் என்பதை அறிவோம். "சினிமாப் பாட்டுக்கு வக்காலத்து வாங்குகிறீரா? அது முதலாளியின் சரக்கல்லவா? மக்களை மயக்கும் அபினியல்லவா?" என்று கேட்பர். கேட்கட்டும். நாமும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவரே.

ஒன்றை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறோம். 'பாசமலர்' பார்த்து நாம் அழுதோம். 1961இல் வெளிவந்த படம் அது. எங்கள் பக்கத்துக் கொட்டகைக்குச் சில ஆண்டுகள் பிந்தியே வந்தது. அண்ணன் தங்கையை முதலாளி வீட்டுப் பளிங்குத் தரையில் நிறுத்திக் கண்ணீர் வடிக்க வைக்கும் படம் என்பது அன்றைக்கே எமக்குத் தெரியும். தெரிந்தும் அழுதோம். அப்படத்தில் வரும் தாலாட்டைக் கேட்டபோது எமது மூத்தம்மா நினைவுக்கு வந்தார். அழுகை வியாபாரமாகியிருந்தது உண்மை; ஆனால் கொட்டகையில் கண்ணீர் விட்ட மீனவப் பெண்ணின் துக்கம் வியாபாரமன்று. அதை ஏளனம் செய்யும் முற்போக்கு எமக்கு வேண்டாம்.

அன்றியும், சினிமா முழுவதும் முதலாளியின் குரல்தான் என்பதும் சரியன்று. பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் என்ற மனிதர் இருந்தார். தஞ்சைக் கிராமத்திலிருந்து விவசாயிகள் இயக்கத்தின் வழியாக வந்தவர். 'நாடோடி மன்னன்' போன்ற படங்களுக்கு எழுதி, 1959 ஒக்டோபரில், இருபத்தொன்பது வயதில் மறைந்துவிட்டார். அவர் பாட்டில் ஏரும் உழைப்பும் கூலியும் வந்தன. அவர் பெயர் தெரியாத எங்கள் ஊர் முல்லைக்காரர்கள் அவர் வரிகளை மனனமாய் வைத்திருந்தார்கள். எமது துண்டுப் பிரசுரங்கள் எட்டாத இடத்தை அவர் எட்டினார்.

மறுபுறத்தில், பொதுவுடைமை இயக்கத்தைச் சேர்ந்த கலைஞர்கள் கூடி 1960இல் 'பாதை தெரியுது பார்' என்றொரு படம் எடுத்தார்கள். நிமாய் கோஷ் நெறியாள, எம். பி. சீனிவாசன் இசையமைக்க, ஜெயகாந்தனும் கே. சி. எஸ். அருணாசலமும் பாட்டெழுதினர். நல்ல படம், நல்ல பாட்டுகள். படம் ஓடவில்லை. அது ஏன் ஓடவில்லை என்று எமது நண்பர்கள் இன்றும் விவாதிப்பதுண்டு. படம் தோற்ற பின் அதன் இசையமைப்பாளர் என்ன செய்தார் என்பதுதான் எமக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தக் கதைக்குப் பின்னர் வருவோம்.

எமக்கு மிகப் பிடித்த படம் எதுவென்று கேட்டால், சார்லி சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' என்போம். 1936இல் வந்தது. ஆசிரியர் கலாசாலையில் படிக்கும்போது ஒரு பழைய பிரதியைத் திரையிட்டார்கள். தொழிற்சாலை இயந்திரத்தோடு போராடிப் புத்தி பேதலித்துப் போகும் தொழிலாளியின் கதை. கடைசியில் அவன் ஓர் உணவு விடுதியில் பாட்டுப் பாட நேர்கிறது. பாட்டின் சொற்களைச் சட்டைக் கையின் விளிம்பில் எழுதி வைத்திருக்கிறான். ஆடத் தொடங்கியதும் அந்த விளிம்பு கழன்று பறந்துவிடுகிறது. சொல் போய்விட்டது, சனம் காத்திருக்கிறது. அப்போது அவன் எந்த மொழியுமல்லாத ஏதோ ஒரு மொழியில் பாடுகிறான். ஊமைப் படங்களில் எத்தனையோ ஆண்டுகள் நடித்த சாப்ளினின் குரலைத் திரையில் உலகம் முதன்முறை கேட்டது அப்போதுதான். அந்தக் காட்சியில் நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். அதில் சிரிப்பதற்கு மட்டுமன்றி வேறொன்றும் இருக்கிறதென்று அன்று தெரியவில்லை.

இனி, மாணவன் கேட்ட கேள்விக்குத் திரும்புவோம். எந்தப் பழசு? வானொலிக்கும் சினிமாவுக்கும் முன்னால் ஒரு பழசு இருந்தது. அதற்கு இசையமைப்பாளர் இல்லை, பாடலாசிரியர் இல்லை, அனுமதிச் சீட்டும் இல்லை.

கிழக்கே கடல், மேற்கே கரைவாகு வயல்வெளி: இவ்விரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணல்மேட்டில் இருக்கிறது எங்கள் ஊர். கடலில் ஒரு பாட்டு, வயலில் ஒரு பாட்டு, நடுவிலுள்ள வீடுகளில் ஒரு பாட்டு என்று அக்காலத்தில் பாட்டு இல்லாத இடமில்லை. கரைவலைக் கயிற்றை முப்பது பேர் பிடித்திருப்பர். ஒருவன் எடுத்துக் கொடுப்பான். மற்றவர்கள் ஏற்றுச் சொல்வார்கள். அவர்கள் குரல் ஓங்குமிடத்தில் முப்பது முதுகும் ஒருங்கே சாயும்; வலை ஒரு முழம் நகரும். பாட்டு அங்கே அலங்காரமன்று, கயிற்றைப் போல அதுவும் ஒரு கருவி. வயலில் சூடு மிதிக்கும் இரவுகளில் களவெட்டியிலிருந்து பொலிப்பாட்டுக் கேட்கும். பரணில் காவலிருப்பவன் பன்றியையும் உறக்கத்தையும் ஒருங்கே விரட்டக் கவி பாடுவான். வீட்டில் பெண்கள் தொட்டிலாட்டவும் பாடினர். பன்னும்போதும் நெற்குற்றும்போதும் பாடினர். கலியாண வீட்டில் குரவையிட்டனர். நோன்பு மாதத்தில் பக்கீர் பாவாமார் ரபானைத் தட்டிப் பைத்துப் படித்து ஸஹருக்கு எழுப்பினர். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் வீடு வீடாகச் சென்று இக்கவிகளைச் சேகரித்திராவிட்டால், அவற்றில் எத்தனை இன்று எஞ்சியிருக்கும்?

எமது மூத்தம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் நூற்றுக்கணக்கான கவிகள் அவர் நெஞ்சிலிருந்தன. அவற்றில் பல ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் நினைத்து ஏங்கும் கவிகள். நாம் கிட்டப் போனால் நிறுத்திவிட்டு, "நீ போய்ப் படி, மனே" என்பார். நாமும் போய்ப் படித்தோம். படிப்பு வந்தது. கவி வரவில்லை.

பின்னாளில் பல்கலைக்கழக நண்பரொருவர் தந்த நூலில் ஜோர்ஜ் தொம்சனைப் படித்தோம். பேமிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் கற்பித்த மார்க்சியப் பேராசிரியர் அவர். அயர்லாந்தின் மேற்குக் கரைக்கப்பாலுள்ள பிளாஸ்கட் தீவுகளின் மீனவரோடு பழகி அவர்கள் மொழியைக் கற்றவர். கூட்டு உழைப்பின் தாளத்திலிருந்தே கவிதை பிறந்ததென்பது அவர் கொள்கை. எமது கைலாசபதி அவரிடம் ஆராய்ச்சி செய்து, பழந்தமிழ் வீரநிலைக் கவிதையை வாய்மொழி மரபாக விளக்கிய நூல் 1968இல் ஒக்ஸ்போர்ட்டில் வெளியாயிற்று. அவற்றைப் படித்தபோது எமக்கு வெட்கமாயிருந்தது. பேமிங்ஹாம் பேராசிரியர் தேடிப் போன பொருள் எமது வீட்டு வாசலில் கிடந்தது. அதைத் தாண்டித்தான் நாம் தினமும் பாடசாலைக்குப் போனோம்.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பழமையை நினைத்து உருகுவது எளிது. அது எமக்கு ஒவ்வாத காரியமும்கூட. பொலிப்பாட்டு இனியதுதான், ஆனால் விடிந்ததும் அந்தப் பொலியில் பெரும் பங்கு போடியாரின் பட்டறைக்குப் போயிற்று. பாடியவன் முல்லைக்காரன். விதைப்புக் காலத்தில் வாங்கிய கடனைக் களத்திலேயே அளந்து கொடுத்துவிட்டு, வெறுஞ்சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீடு வந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். வலை இழுத்தவனின் உள்ளங்கையில் கயிறு அறுத்த வடு சாகும்வரை இருந்தது. குனிந்து குனிந்து வெட்டியவனின் முதுகு நாற்பது வயதில் கூனிற்று. உழவு இயந்திரம் வந்தது. பிறகு வெட்டு இயந்திரம் வந்தது. சில கரைகளில் வலையையும் இப்போது இயந்திரமே இழுக்கிறது. அந்த முதுகுகள் நிமிர்ந்ததற்கு நாம் மகிழ வேண்டும். பாட்டைக் காப்பாற்றுவதற்காக மனிதன் மாடாய் உழைக்க வேண்டுமென்று சொல்பவன் கலைஞனல்லன், போடியாரின் கணக்குப்பிள்ளை.

அப்படியானால் இழந்தது என்ன? நாம் பல நாள் யோசித்துக் கண்டது இதுதான்: உழைப்பின் பாரம் இறங்கியபோது, கூடிப் பாடும் பழக்கத்தையும் அதனோடு சேர்த்து இறக்கி வைத்துவிட்டோம். பாரத்தை இறக்கியது சரி. மற்றதை எவரும் எம்மிடம் கேட்டு வாங்கவில்லை. நாமே கவனியாமல் விட்டோம். பாடுகிறவர்களாயிருந்த ஊர், கேட்கிறவர்களின் ஊராயிற்று.

அதுவும் படிப்படியாகவே நடந்தது. வானொலிக் காலத்தில் பாடுவது நின்றாலும் கூடிக் கேட்டோம். எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து ஊரவர்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் உழைக்கப் போனார்கள்; வரும்போது ஒலிநாடாப் பெட்டி கொண்டுவந்தார்கள். பாட்டு சந்தியிலிருந்து வீட்டுக்குள் போயிற்று. இன்று அது வீட்டிலிருந்து ஒரு மனிதனின் காதுக்குள் போய்விட்டது. ஒரே வீட்டில் நால்வர் நான்கு பாட்டுக் கேட்கிறார்கள், வீடு அமைதியாயிருக்கிறது.

ஒலிநாடாக் காலத்து நினைவொன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. அயல் வீட்டுப் பெண்ணொருத்தி, கைப்பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு, வீட்டுப் பணிப்பெண்ணாகக் கடல் கடந்து போனாள். கடிதம் எழுத அவளுக்கு வசதிப்படவில்லை. ஒலிநாடாவில் பேசி அனுப்புவாள். அதன் கடைசியில் பிள்ளைக்காக ஒரு தாலாட்டுப் பாடியிருப்பாள். இரவு எட்டு மணியானால் அந்தப் பெட்டியிலிருந்து தாலாட்டுக் கேட்கும். அதே நேரத்தில் எங்கோ ஒரு மாளிகையில் அவள் வேறொருத்தியின் பிள்ளையைத் தொட்டிலாட்டிக் கொண்டிருந்திருப்பாள். தாலாட்டும் ஏற்றுமதிப் பண்டமாயிற்று. ஈராண்டு கழித்து அவள் திரும்பி வந்து பாடியபோது, பிள்ளை பெட்டியைக் காட்டி அழுதது.

நாம் கேட்ட பாட்டுகளிலெல்லாம் எம்மை மிக உலுக்கியது அந்த ஒலிநாடாத் தாலாட்டு. எந்தச் சினிமாவும் அதற்கு ஈடாகவில்லை.

ஊரில் பாட்டுக் குறைந்ததற்கு இன்னொரு காரணமும் சொல்வார்கள். இசை ஆகுமா ஆகாதா என்ற விவாதம் எங்கள் சமூகத்தில் சில பத்தாண்டுகளாக மிகுந்திருக்கிறது. விவாதம் புதியதன்று. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தமது 'இஹ்யா'வில் பாட்டுக் கேட்பதைப் பற்றி ஒரு தனிப் பகுதியே எழுதியிருக்கிறார். அதனைத் தீர்த்து வைக்கும் தகுதி எமக்கில்லை. கற்றறிந்தோர் இரு பக்கத்திலும் இருக்கின்றனர்; மனச்சாட்சிக்கு ஒப்ப எவரும் ஒதுங்கியிருக்கலாம். ஆனால் தெற்கேயிருந்தும் வடக்கேயிருந்தும் வரும் பாட்டைக் காதுக்குள் கேட்டுக்கொண்டு, மூத்தம்மாவின் கவியை மட்டும் அறியாமை என்று ஒதுக்குவது நேர்மையன்று என்று மாத்திரம் சொல்லுவோம்.

வேறு மௌனங்களும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் ஊருக்குள் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பல்லாயிரம் உயிர்கள் போயின. எமது வீட்டுக்கும் கடலுக்கும் இடையிலிருந்த நான்கு வளவுகளும் போயின. அதன் பின் நெடுங்காலம் கடற்கரையில் உரத்துப் பேசவே எவருக்கும் மனமில்லை; பாடுவது எங்ஙனம்? பின்னர் 2019இல், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்து ஐந்தாம் நாள், ஏப்ரல் 26இல், அக்கொடுமையோடு தொடர்புடையோர் எங்கள் ஊரில் வாடகை வீடொன்றில் பதுங்கியிருந்தது தெரியவந்து மோதல் மூண்டது. வெடிப்பில் சிறு பிள்ளைகளும் மாண்டனர். புதியவர்கள் மீது சந்தேகங்கொண்டு அறிவித்தவர்கள் ஊரவர்களே. ஆயினும் அன்று முதல் ஊர்ப் பெயரைச் சொன்னால் கேட்பவர் ஒரு கணம் தயங்குகிறார். உலகம் சாய்ந்தமருது என்ற பெயரை இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் சாவோடு சேர்த்தே கேட்டது. இந்த ஊரில் முப்பது பேர் ஒரே குரலில் பாடி வலை இழுத்தார்கள் என்பதை உலகத்துக்கு யார் சொல்வது? பாட்டு என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ள ஓர் ஊருக்கு இருக்கும் வாய் அது.

எங்கள் ஊரின் தெற்கு எல்லையைத் தாண்டினால் காரைதீவு. விபுலாநந்த அடிகள் 1892இல் பிறந்த ஊர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழக்கிழந்துபோன யாழை, ஏட்டிலிருந்தும் கணக்கிலிருந்தும் மீட்டெடுக்க அவர் தம் வாழ்நாளின் பல ஆண்டுகளைச் செலவிட்டார். 'யாழ் நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார். அந்த உழைப்பை நினைக்குந்தோறும் எமக்கு ஒரு பயம் வருகிறது. மறைந்துபோன இசைக்கருவியை மீட்க ஒரு மேதையும் பல ஆண்டுகளும் வேண்டியிருந்தன. நாம் இப்போது கவனியாமல் விடும் பாட்டை மீட்க, இன்னொரு விபுலாநந்தர் எப்போது பிறப்பார்? யாழைப் பற்றிச் சொல்லச் சிலப்பதிகாரமாவது இருந்தது. அம்பாவைப் பற்றிச் சொல்ல வலை இழுத்தவனைத் தவிர வேறு ஏடு இல்லை.

பாடசாலை விழாக்களில் நாட்டார் பாடல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பளபளக்கும் துணி உடுத்தி, கடதாசி மீன் கோத்த வலையொன்றைக் கொடுத்து, மேடையில் இழுக்க வைக்கிறோம். நாமே அவ்வாறு பல தடவை பழக்கிப் பரிசும் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அந்த வலையில் பாரமில்லை. மேடைக்குக் கீழே இருந்த பெற்றோரில் நிஜ வலை இழுத்த பலர் இருந்தனர். அவர்களில் ஒருவரையாவது மேடைக்கு அழைத்துப் பாடச் சொல்ல எமக்குத் தோன்றவில்லை. இது எமது சொந்தக் குற்றம். பிறர் மேல் போட மாட்டோம்.

இப்போது அந்த இசையமைப்பாளரின் கதைக்கு வருவோம். 'பாதை தெரியுது பார்' தோற்ற பின், எம். பி. சீனிவாசன் வேறு படங்களுக்கும் இசையமைத்தார். ஆனால் அவர் தம் உயிரை வைத்தது சேர்ந்திசையில். சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழு ஒன்றை நிறுவி, சங்கீதம் படியாத சாதாரண மனிதர்களைக் கூட்டிவைத்துப் பாடப் பழக்கினார். பாடசாலைப் பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் ஒன்றாகப் பாட வைத்தார். 1988இல் இலட்சத்தீவில் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்கச் சென்றிருந்த இடத்தில் உயிர் நீத்தார். மக்களுக்கு நல்ல பாட்டைக் கேட்கக் கொடுப்பதோடு நில்லாமல், மக்களையே பாட வைக்க வேண்டுமென்பதை அவர் கண்டார் என்று எமக்குத் தோன்றுகிறது. கயிறு இல்லாமலே கூடிப் பாட முடியும். போடியார் இல்லாமலே பொலி பாட முடியும்.

ஒரு வாரம் கழித்து அதே தேநீர்க் கடையில் மாணவனை மீண்டும் கண்டோம். கேள்வியை இம்முறை நாம் கேட்டோம்.

"நீ பாடுவியா, மகன்?"

அவன் வெட்கப்பட்டான். பிறகு சொன்னான்: "மெசினுக்குள்ள இருந்து பாடுவன், சேர். சத்தமாத்தான் பாடுவன். மெசின் சத்தத்தில ஒருத்தருக்கும் கேக்காது."

எமக்குப் பேச்சு வரவில்லை. அவனது மூத்தாப்பா அதே கரைவாகு வயலில் பொலி பாடியவர். அடுத்த களவெட்டிக்கும் கேட்க வேண்டுமென்று பாடியவர். பேரன் அதே வயலில், எவருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் பாடுகிறான். பாட்டு இன்னும் சாகவில்லை என்பதில் எமக்கு மகிழ்ச்சி. அது ஒளிந்திருக்க வேண்டியிருக்கிறதே என்பதில் துக்கம்.

"அண்டைக்குக் கேட்டியே, எந்தப் பழசு எண்டு. இதுதான் அது" என்று சொல்லி, அம்பாப் பாட்டின் ஒரு அடியைப் பாட முயன்றோம். எழுபது வயதில், தேநீர்க் கடையில், வாழ்க்கையில் முதன்முறையாக நாலுபேர் முன்னால் வாய் திறந்தோம். ராகம் வந்தது. சொல் வரவில்லை. சட்டைக் கையின் விளிம்பு பறந்துவிட்ட சாப்ளினின் நிலைதான். நிறுத்தினோம்.

"நிப்பாட்டாதீங்க, சேர். சொல்லு வராட்டிப் பரவாயில்ல" என்றான் அவன். வாய்க்கு வந்த ஓசையை வைத்துப் பாடினோம். இரண்டாம் முறை அவனும் ஏற்றான். கடைக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

கடைக்கு வெளியே மணலில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், தலை நிமிராமலே சொன்னார்:

"சேர், நீங்க இழுக்கிற இடத்தில சொல்லுறீங்க. விடுற இடத்திலதான் சொல்லோணும்."

பிறகு, ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டு, எப்படி என்று பாடிக் காட்டினார்.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே, உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் வலை பொத்திக்கொண்டோ, பாய் இழைத்துக்கொண்டோ இருப்பார். அவரைத் தேடிப் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். உங்களிடமுள்ள தொலைபேசியில் அவர் குரலைப் பதிவு செய்யுங்கள்; நல்லது. ஆனால் பதிவு செய்வதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். பிழையாகவேனும் கூடப் பாடுங்கள். அவர் திருத்துவார்.